உப்பளத்துக்குள் நான் போட்ட பாதை

தூத்துக்குடிக்கு வடக்கே கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிற உப்பளங்களில் ஒன்றில் பதினோரு வருஷம் எழுத்து வேலை பார்த்தேன். உப்பு ஏற்ற வருகிற லாரிக்குச் சீட்டு எழுதுவது, வண்டி நம்பரையும் டிரைவர் பெயரையும் நோட்டில் பதிவது, இவ்வளவுதான் வேலை. தகர ஷெட், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. ஆனால் பாதி நாள் எனக்கு வேறொரு வேலையிலேயே போய்விடும். வெளியூர் டிரைவர்களுக்கு வழி சொல்ல வேண்டும்.

"அக்கா, எந்தப் பக்கம் பாத்தாலும் வெள்ளையாத்தான் இருக்கு. நான் எங்க திரும்பறது?"

சேலத்திலிருந்து வருகிறவன் இப்படித்தான் கேட்பான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. உப்பளத்துக்குள் தெருவும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. எங்களுக்கு ரெட்டைப் பனை முக்கு, எரிந்த மோட்டார் ரூம், உடைமர வளைவு என்று சொன்னால் போதும். அவனுக்கு அதெல்லாம் ஒன்றும் புரியாது. ஒருமுறை ஒரு டிரைவர் மூன்று மணி நேரம் வரப்புகளில் சுற்றி, கடைசியில் பின்சக்கரம் பாத்திக்குள் இறங்கி, போனில் அழாத குறையாகப் பேசினான். மறுநாள் அவனே வந்து சொன்னான். "அக்கா, போன் மேப்ல உங்க அளத்தை நீங்களே போடலாம். யார் வேணா போடலாம்." எப்படி என்று காட்டியும் கொடுத்தான்.

முதலில் எங்கள் அளத்தின் கேட்டைப் போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. உங்கள் தகவல் ஏற்றுக்கொள்ளப்பட்டது, நன்றி என்று. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அதுவரை எந்த ஆபீஸிலிருந்தும் எனக்கு யாரும் எழுத்தில் நன்றி சொன்னதில்லை. அந்த ஒரு வரியை வீட்டுக்காரரிடம் காட்டினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதர். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

பிறகு விடவில்லை. எங்கள் தெருமுனையில் சிலுவை வைத்த குருசடி, ரேஷன் கடை, பஸ் நிற்கிற வேப்பமரம், எப்போதும் பூட்டிக் கிடக்கிற பெண்கள் கழிப்பறை என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வந்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற வழியில்கூட எதைப் போடலாம் என்று பார்த்துக்கொண்டே நடப்பேன்.

என் அண்ணன் கடலுக்குப் போகிறவன். அவனிடம் பார்களைப் பற்றிக் கேட்டேன். பார் என்றால் கடலுக்குள் இருக்கிற பாறைத் திட்டு. முன்காலத்தில் முத்துச் சிப்பி கிடந்த இடங்கள். இப்போது மீன் அங்கேதான் கூடும். கரையில் கோயில் கோபுரத்தையும் ஏதாவது ஒரு புகைபோக்கியையும் நேர்வைத்து எது எங்கே இருக்கிறது என்று அவன் சொல்லிவிடுவான். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. "பேரும் இடமும் சொன்னா நான் போட்டிருவேன்" என்றேன்.

"வேண்டாம்ளா" என்றான். "அது கடலுக்குள்ளயே கெடக்கட்டும். போன்ல போட்டா எவனெவனோ வருவான். அங்கன காத்து எப்பத் திரும்பும், தண்ணிக்கடியில நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும்னு அவனுக்கு யாரு சொல்லுவா? இடம் மட்டும் தெரிஞ்சா போதுமா?"

மீன் பங்கு போய்விடுமே என்று பயப்படுகிறான் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் அளத்துக்குள் ஒரு பாதை இருந்தது. புறவழிச்சாலையிலிருந்து பிரிந்து, பாத்திகளுக்கு நடுவே பெரிய வரப்பு மேலேயே போய், அந்தப் பக்கம் கடற்கரைச் சாலையில் ஏறும். இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். சுற்றிப் போனால் ஏழு. செங்கல் கட்டியும் செம்மண்ணும் போட்டு இறுக்கிய பாதை. வெயில் காலத்தில் சிமெண்டுத் தளம் மாதிரி கெட்டியாக இருக்கும். நடுவில் ஒரு இடத்தில் ஓடையைத் தாண்டும். அங்கே பாலம் கிடையாது. நான்கு சிமெண்டுக் குழாயைப் படுக்கவைத்து, மேலே மண்ணைக் கொட்டியிருப்பார்கள். வருஷா வருஷம் மழையில் ஓடை அந்த மண்ணைக் கொண்டுபோகும். தை பிறந்ததும் திரும்பக் கொட்டுவார்கள். அந்த இடத்துக்கு வேலையாட்கள் வைத்த பெயர் முழுங்கி. எந்தக் காலத்திலோ மாட்டோடு ஒரு வண்டியை முழுங்கியதாம்.

அந்தப் பாதையை நான் மேப்பில் வரைந்தது வைகாசியில். ஷெட்டில் உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் விரலால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனேன். பாதைக்குப் பெயர் என்ன என்று கேட்டது. முழுங்கி ரோடு என்று அடித்தேன். வெளியூர்க்காரன் படித்தால் சிரிப்பானே என்று தோன்றியது. அழித்துவிட்டு உப்பளச் சாலை என்று போட்டேன். வண்டி போகுமா என்று கேட்டது. போகும் என்றேன். எந்த மாதத்தில் போகும் என்று அது கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாலாம் நாள் அது ஏறிவிட்டது. டிரைவர்களுக்குச் சந்தோஷம். எனக்கு வருகிற போன் பாதியாகக் குறைந்தது. உப்பள முதலாளி அண்ணாச்சிகூட, "ஏளா, நீ பெரிய இஞ்சினியராயிட்ட" என்று சொல்லிச் சிரித்தார்.

ஆவணி வாக்கில் லாரி அல்லாத வண்டிகளும் வர ஆரம்பித்தன. மீன் வேன், கார், மோட்டார் சைக்கிள். சுற்றாமல் போகலாம் என்று போன் சொன்னால் யார்தான் வரமாட்டார்கள்? உப்பு வாருகிற ஒரு அக்கா தினமும் மத்தியானம் என் ஷெட்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கண் எப்போதும் சிவந்து கிடக்கும். அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஏளா, காரெல்லாம் இங்கன வருது. யாரு வீட்டு விசேஷம்?"

பெருமையாகப் போனை எடுத்துக் காட்டினேன். அவள் சோற்றுக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"ஐப்பசி வந்தா இதைக் கழட்டிருவியா?"

"எதைக்கா?"

"இந்தக் கோட்டை. மழைக்கு அந்த ரோடு இருக்காதுல்லா."

"கழட்டலாம்க்கா" என்றேன். எனக்குத் தெரியாத விஷயத்தை அவள் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக என் கண்ணுக்கு முன்னால் போகிற மண்தான் அது.

அன்றைக்கே மேப்புக்கு எழுதினேன். மழைக்காலத்தில் இந்தப் பாதை இல்லை, ஓடை அறுத்துவிடும், ஆபத்து என்று. சரிபார்க்க முடியவில்லை என்று பதில் வந்தது. முந்தின வருஷம் அண்ணாச்சி எடுத்து வைத்திருந்த படத்தைக் கேட்டு வாங்கி, அறுந்து கிடக்கிற பாதையைக் காட்டி மறுபடி அனுப்பினேன். திரும்பவும் அதே பதில். எனக்கு அது விளங்கச் சில நாள் ஆனது. பாதையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு டிரைவர் சட்டைப்பையிலும் ஒரு போன். நூறு போன் இங்கே பாதை இருக்கிறது என்று சொல்லும்போது, நான் ஒருத்தி இல்லை என்றால் அது கேட்குமா? போடுவதற்கு என் சொல் போதுமாக இருந்தது. எடுப்பதற்குப் போதவில்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். "லாரி வந்துக்கிட்டுதான இருக்கு. பின்ன என்ன?" என்றார். "மழை வந்தா ஒருத்தனும் வரமாட்டான். கண்ணு இருக்குல்லா."

பழைய உப்புச் சாக்கு இரண்டை எடுத்து, மழைக்காலத்தில் வழி கிடையாது என்று கறுப்புப் பெயிண்டில் எழுதி, பாதையின் இரண்டு முனையிலும் கம்பு நட்டுக் கட்டினேன். பத்து நாளில் புறவழிச்சாலைப் பக்கத்துச் சாக்கு காற்றில் போய்விட்டது. போனதை நான் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். வெறும் கம்பு மட்டும் நின்றது. இன்னொன்று எழுதிக் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உப்பு அம்பாரங்களுக்குத் தார்ப்பாய் மூடுகிற நேரம் அது, லாரி வரிசை கட்டி நின்றது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இதை எழுதும்போது எனக்கு வேறு சாக்குப்போக்குக் கிடைக்கவில்லை.

பிறகு மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள் கட்டிலுக்கு மேல் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு நாங்கள் பள்ளிக்கூட மாடியில் கிடந்தோம். மூன்றாம் நாள் காலையில் வானம் வெளுத்து நல்ல வெயில் அடித்தது.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம் இதுதான். எங்கள் ஓடையில் மழை பெய்யும்போது தண்ணீர் அவ்வளவாக வராது. மழை நின்ற பிறகுதான் வரும். மேற்கே குளங்கள் நிறைந்து, கரை உடைந்து, காட்டுத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து கடலைத் தேடி வருவதற்கு ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும். அதனால் அளத்து ஆட்கள் மழைக்குப் பயப்பட மாட்டார்கள். மறுநாள் வெயிலுக்குத்தான் பயப்படுவார்கள்.

அன்றைக்குக் காலையில் ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஸ்கூட்டரில் வேம்பாருக்குக் கிளம்பியிருந்தார்கள். அவருக்கு ஊரில் பலசரக்குக் கடை. வேம்பாரில் அந்தப் பெண்ணின் தங்கைக்குக் குழந்தை பிறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. மழையால் தள்ளிப்போன பயணம். வெயில் வந்ததும் புறப்பட்டுவிட்டார்கள். புறவழிச்சாலையில் அவர்கள் வரும்போது, முன்னால் கடற்கரைச் சாலையில் ஒரு இடத்தில் தண்ணீர் நின்று வண்டிகள் தேங்கிக் கிடந்தன. மேப்பில் அந்த இடமெல்லாம் சிவப்பாக இருந்திருக்கும். பக்கத்திலேயே என் பாதை, ஒரு வண்டிகூட இல்லாமல், நீலமாக.

பின்னால் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டு வழி சொன்னது மனைவி.

அந்த நேரத்தில் அக்காவும் இரண்டு பெண்களும் தார்ப்பாய் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க அளத்துக்கு வந்திருந்தார்கள். மணி பதினொன்று இருக்கும். பாத்தியெல்லாம் கடல் மாதிரி நிறைந்து கிடக்க, வரப்பு மேல் ஒரு ஸ்கூட்டர் வருவதை அக்கா தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வீசி வீசிக் காட்டினாள். போகாதே என்று கத்தினாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ஸ்கூட்டரில் பின்னால் இருந்த பெண் கையைத் தூக்கி, பதிலுக்கு ஆட்டினாளாம்.

முழுங்கியின் மேல் மண் அப்படியே இருந்தது. அதன் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கிறவனுக்குத் தாண்டிவிடலாம் என்றுதான் தோன்றும். அடியில் குழாய்க்குப் பக்கத்து மண்ணெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. ஸ்கூட்டர் நடுவில் வந்ததும் மேல்மண் உட்கார்ந்தது.

அக்காவும் மற்றவர்களும் வரப்புகளில் விழுந்து எழுந்து ஓடிப் போய்ச் சேரக் கால்மணி நேரம் ஆகிவிட்டது. அந்தப் பெண் ஓடைக்கரை உடைமரத்தில் ஒரு கையும் சேலையுமாகச் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தாள். தார்ப்பாய்க் கயிற்றை வீசி இழுத்துப் போட்டார்கள். உடம்பெல்லாம் முள். அவள் கணவரை மறுநாள் மத்தியானம், ஓடை கடலில் சேருகிற இடத்தில், அலையாத்திச் செடிகளுக்கு நடுவில் மீன்பிடிக்கிறவர்கள் பார்த்தார்கள்.

நான் வீட்டில் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தேன். அக்கா போன் செய்தாள்.

"ஏளா, முழுங்கி ஒரு ஆளை எடுத்துட்டு."

"நம்ம ஆளாக்கா?"

"இல்ல. வெளியூரு. புருசனும் பொண்டாட்டியும். போனைப் பாத்து வந்திருக்காவ."

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "நீ போடலேன்னா வேற எவனாவது போட்டிருப்பான்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார், தெரியும். இனிமேல் அதைச் சொல்லாதீங்க என்றேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "மேப்ல கோடு போட்டதுக்கு நான் எந்த செக்ஷன்மா போடுவேன்?" என்றார். "வெள்ளத்துல போயிட்டாரு. அவ்வளவுதான். நீங்க வீட்டுக்குப் போங்க." அவர் பேனாவைத் திறக்கவே இல்லை. கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தெரிந்து செய்தால்தான் பாவம் என்றார் சாமியார். "தெரியும் சாமி" என்றேன். "போடும்போது யோசிக்கல. அதுக்கப்புறம் தெரிஞ்சும் ரெண்டு மாசம் இருந்துச்சு." அவர் ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் குறையவில்லை.

அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் அக்காதான். அவள் ஒரு செய்தி கொண்டுவந்தாள். மாமியார் வீட்டில் யாரும் அந்தப் பெண்ணோடு பேசுவதில்லையாம். பின்னால் உட்கார்ந்து, இடது பக்கம் திரும்பச் சொல்லுது என்று சொன்னவள் அவள்தானே. விசாரித்த போலீஸிடம் அவளே அப்படிச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வீடே அவளைப் பார்க்கிறதாம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடியட்டும் என்று காத்திருந்து, அதற்கு மறுவாரம் பஸ் ஏறினேன். அக்கா வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

கடை சாத்திக் கிடந்தது. வீடு அதற்குப் பின்னால். மாமியார் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும்மா என்று கேட்டார்.

"தூத்துக்குடியிலேருந்து வாரேன். அந்த உப்பளத்துல வேலை பாக்கேன்."

அவர் முகம் மாறியது. எழுந்து என் கையைப் பிடித்தார். "எம் மருமவளக் கயிறு போட்டு இழுத்தது நீதானா தாயி?" உள்ளே திரும்பி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். சொம்போடு வந்தவள்தான் அந்தப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. முழங்கை வரைக்கும் முள் கீறல் கறுத்திருந்தது.

"நான் இல்லம்மா" என்றேன். தண்ணீரை வாங்கவில்லை. "போன்ல வழி காட்டுதுல்லா. அந்த வழிய அதுல போட்டது நான்."

அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறையும் சொன்னேன். லாரிக்காகப் போட்டேன், வெயில் காலத்துப் பாதை, மழைக்கு இருக்காது என்று எனக்குத் தெரியும், எடுக்கப் பார்த்தேன், எடுக்க முடியவில்லை, எழுதிக் கட்டினது காற்றில் போய்விட்டது, திரும்பக் கட்டவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இவ சொன்னது?"

"அவுக போன் சொன்னதைச் சொன்னாவ. போன் நான் சொன்னதைச் சொல்லிச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். மருமகள் சொம்பைப் பிடித்தபடியே நின்றாள். நான் என்ன எதிர்பார்த்து அங்கே போனேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது. அந்தம்மா என்னைத் திட்டுவார், அவளை விட்டுவிடுவார் என்று நினைத்திருந்தேன்.

"ரெண்டு பேருமாச் சேந்துதான் எம் புள்ளையக் கொண்டுபோயிருக்கீய" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தெருவுக்கு வந்துவிட்டேன். நாலு வீடு தாண்டியதும் அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள். காலில் செருப்பில்லை. என்னைத் திட்ட வருகிறாள் என்று நினைத்து நின்றேன்.

"அந்த அம்மா துண்டை வீசுனாவல்லா" என்றாள். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வெள்ளத்துல யாருமில்லாத எடத்துல ஆளைப் பாத்த சந்தோசத்துல கை காட்டுதாவன்னு நெனச்சேன். நானும் ஆட்டுனேன். அவுககிட்ட, அங்க பாருங்க ஒரு அம்மா கூப்பிடுதாவன்னு சொன்னேன். அவுகளும் திரும்பிப் பாத்துச் சிரிச்சாவ." அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இதை நான் இந்த வீட்டுல சொல்லல. யாருகிட்டயும் சொல்லல."

என்னை மன்னிச்சிருங்க என்றேன். அதை அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"இன்னும் அந்த வழியக் காட்டுதா?"

"காட்டுது."

"பாத்தீங்களா?"

"தெனமும் பாக்கேன்."

"எடுத்துருங்க" என்றாள். திரும்பி நடந்தாள்.

ஊருக்கு வந்ததும் அளத்தில் போன் வைத்திருக்கிற எல்லோரையும் கூப்பிட்டேன். வேலையாட்கள், அவர்கள் பிள்ளைகள், என் வீட்டுக்காரரோடு துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், அண்ணன், அவன் வள்ளத்து ஆட்கள். ஒரே நாளில் எல்லோரும் அந்தப் பாதை இல்லை என்று அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் கோடு மறைந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

தை மாதம் வந்தது. அண்ணாச்சி முழுங்கியில் குழாயைப் போட்டு மண்ணைக் கொட்டினார். லாரி ஓட ஆரம்பித்தது. மாசி பாதியில் ஒருநாள் ஷெட்டில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். கோடு திரும்ப வந்திருந்தது. இந்தத் தடவை யாரும் வரையவில்லை. ஓடுகிற வண்டிகளைப் பார்த்து அதுவாகவே போட்டுக்கொண்டது. இப்போது அதற்கு உப்பளச் சாலை என்கிற பெயர்கூட இல்லை.

மத்தியானம் அக்கா வந்ததும் காட்டினேன். அவள் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை.

"போன்ல அழிச்சா இது போவாதுளா" என்றாள். "ரோட்டையே எடுத்தாத்தான் போவும்."

அண்ணாச்சியிடம் கேட்டோம். முடியாது என்றார். ஐப்பசியில் ஆள் நிறுத்தலாம், கேட் போடலாம் என்றார். ஐப்பசி வரும்போது அவர் மறந்துவிடுவார் என்று எங்களுக்குத் தெரியும். நானே ஒரு சாக்கைத் திரும்பக் கட்டாதவள்தானே.

வேலை இல்லாத ஒரு காலையில் நாங்கள் ஒன்பது பெண்கள் மண்வெட்டியோடு போனோம். உப்பு வாருகிற கை எல்லாம். எனக்குத்தான் பழக்கமில்லை, ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. முழுங்கியின் மேல் கொட்டிய மண்ணை இரண்டு ஆள் அகலத்துக்கு வெட்டித் தள்ளினோம். குழாயைப் புரட்டிப் பாத்தி ஓரத்தில் போட்டோம். ஒருத்தி மட்டும் அந்த உடைமரத்துக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

யாரோ சொல்லி அண்ணாச்சி வந்துவிட்டார். வண்டியை நிறுத்தி வெட்டைப் பார்த்தார்.

"செவ்வாக்கிழமை லோடு இருக்கு. லாரி எப்படி வரும்?"

"சுத்தி வரட்டும் அண்ணாச்சி" என்றாள் அக்கா. மண்வெட்டியை அவள் கீழே வைக்கவில்லை.

அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார். "இனிமே நீ வர வேண்டாம்" என்றார். சரி என்றேன். மற்ற எட்டுப் பேரை அவர் ஒன்றும் செய்யவில்லை. உப்பு வார ஆள் கிடைப்பது கஷ்டம், சீட்டு எழுத யாரும் கிடைப்பார்கள். அவரும் அதற்கப்புறம் மண் கொட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த ஓடைக்கரைக்கு அவரும் அன்றைக்கு ஆஸ்பத்திரி வண்டியோடு வந்தவர்தான்.

வண்டி ஓடாத பாதையை மேப் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தது. இரண்டு மாதம் ஆனது.

அந்தப் பெண்ணின் வேம்பார்த் தங்கையுடைய போன் நம்பரை அக்கா ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பெண் மாமியார் வீட்டை விட்டு அங்கேதான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. கூப்பிட்டேன். அக்கா பக்கத்தில் இருந்தாள். அந்தப் பெண் பேச வந்ததும், "எடுத்தாச்சு" என்றேன்.

"சரி" என்றாள். பின்னால் குழந்தை சத்தம் கேட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வைக்கவில்லை. "துண்டு வீசுன அந்த அம்மா இருக்காவளா?" என்று கேட்டாள்.

போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அக்கா சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "நான் கையைக் காட்டாம ஓடி வந்திருக்கணும் தாயி. நானும் அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்." அவள் மனதில் அது இருந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது. தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவள்.

இப்போது வலைக்கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். கடையை மேப்பில் போட்டுத் தரச் சொல்லி முதலாளி இரண்டு முறை கேட்டார். எனக்கு அதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் வேம்பாரில் ஒரு தையல் கடையில் உட்கார்ந்திருப்பதாக அக்கா சொன்னாள். ஆழ்வார்திருநகரியிலிருந்து இதுவரை யாரும் அவளைக் கூப்பிட வரவில்லை. மாமியார் கடையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டாராம்.

போன ஐப்பசியிலும் நல்ல மழை. மறுநாள் வெயில் அடித்தது. அக்காவும் இரண்டு பேரும் வேலை இல்லாவிட்டாலும் புறவழிச்சாலை முனையில் போய்ச் சாயங்காலம் வரை நின்றிருக்கிறார்கள். ஒரு வண்டியும் அந்தப் பக்கம் திரும்பவில்லையாம். காலையிலேயே அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தாள். கடையில் லீவு கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை.